விளக்கொளியில் விழித்த காமிரா

மாலை மயங்கிவிட்டது. வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு விளக்கு எரிகிறது. பாட்டி சாய்வு நாற்காலியில் அமர்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பேரன் தரையில் குப்புறப் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான். இந்தக் காட்சி முழுவதும் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. வெளிச்சம் போதவில்லை என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஆனால், தாத்தா காலத்துப் பிலிம் காமிரா ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து வந்து இதே காட்சியைப் படம் பிடித்துப் பாருங்கள். கழுவி வரும் படத்தில் விளக்கு மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பாட்டியும் பேரனும் இருளில் கரைந்து போயிருப்பார்கள்.

காரணம் எளியதுதான். நடுப்பகல் வெயிலின் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இரவில் விளக்கெரியும் அறையில் இருக்கும். நம் கண்ணோ இந்த மாறுதலை நமக்கு உணர்த்துவதில்லை. கருவிழியின் நடுவிலுள்ள பாவை விரிந்துகொடுக்கிறது. விழித்திரை தன் உணர்ச்சியைக் கூர்மையாக்கிக்கொள்கிறது. பிலிமுக்கு இந்தத் திறமை இல்லை. தன்மேல் விழும் ஒளி எவ்வளவோ அவ்வளவைத்தான் அது பதிவு செய்யும். மங்கிய அறையில் படம் எடுக்க வேண்டுமானால் மூன்றே வழிகள் உண்டு. ஒளியை நாமே உண்டாக்க வேண்டும். அல்லது லென்ஸின் வாயை அகலமாக்கி அதிக ஒளியை உள்ளே விட வேண்டும். அல்லது அந்த வாயை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த மூன்று வழிகளையும் தேடி மனிதன் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் உழைத்திருக்கிறான். அந்த உழைப்பின் கதை, கருவிகளின் கதை மட்டும் அன்று. மூடிய கதவுகளுக்குள்ளே நடப்பதை ஊரார் காணலாமா, காணக் கூடாதா என்ற கேள்வியும் அதனோடு பின்னிக் கிடக்கிறது. அந்தக் கதையையும், அதன் நடுநாயகமாக விளங்கிய ஒரு மனிதரின் வாழ்வையும் பற்றியே இன்று பேச நினைக்கிறேன்.

பிரெஞ்சு நாட்டு டாகெர் தம் புகைப்பட முறையை உலகுக்கு வெளியிட்டது 1839-ஆம் ஆண்டில். அப்போது நல்ல வெயிலில்கூட ஒரு படம் பதிவதற்குப் பல நிமிஷங்கள் ஆயின. அசையாத கட்டடங்கள் பதிந்தன. நடமாடும் மனிதர்கள் பதியவில்லை. மறு ஆண்டே, 1840-ல், வியன்னா நகரத்துக் கணித அறிஞர் ஜோசப் பெட்ஸ்வால் முன்னிருந்தவற்றைக் காட்டிலும் பல மடங்கு ஒளியை உள்ளே விடும் லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டு வகுத்தார். அதன் பிறகே மனிதர் முகத்தைப் படம் எடுப்பது ஒரு தொழிலாக வளர்ந்தது. ஆயினும் படக்காரர்கள் வீட்டின் உச்சியில் கண்ணாடிக் கூரை வேய்ந்த அறைகளையே நாட வேண்டியிருந்தது. படத்துக்கு அமர்ந்தவரின் தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்று தாங்கி நிற்கும். அக்காலத்துப் படங்களில் எல்லாரும் ஏன் விறைப்பாக இருக்கிறார்கள் என்று நாம் வியக்கிறோம் அல்லவா? கழுத்துக்குப் பின்னால் இரும்பு இருந்தால் எவர்தாம் சிரிப்பார்?

வெயில் எட்டாத இடத்திலும் படம் எடுத்தே தீருவது என்று முனைந்தவர் பாரிஸ் நகரத்து நதார். 1861-ல் அவர் அந்நகரின் அடியில் ஓடும் சுரங்கங்களுக்குள் இறங்கினார். அங்கே லட்சக்கணக்கான மனித எலும்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பாட்டரிகளிலிருந்து கம்பி இழுத்து, மின் வில் விளக்கை எரியவிட்டு அவர் படம் எடுத்தார். ஒரு படத்துக்கு 18 நிமிஷம் வரை ஆயிற்று. அவ்வளவு நேரம் எந்தத் தொழிலாளியால் அசையாமல் நிற்க முடியும்? ஆகவே, தொழிலாளியின் உடையை அணிவித்த பொம்மைகளை அவர் நிறுத்தி வைத்தார். இருளை வென்றாயிற்று, ஆனால் படத்தில் இருந்த மனிதன் மனிதன் அல்லன்.

அடுத்து வந்தது மக்னீஷியம். 1887-ல் ஜெர்மனியில் அடால்ஃப் மீதெ, யோஹன்னஸ் கேடிக்கே என்ற இருவர், மக்னீஷியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட் போன்ற பொருள்களைக் கலந்து, கண நேரத்தில் பளீரென்று எரியும் ஒரு கலவையைச் செய்தனர். இனி எந்த இருட்டறையிலும் படம் எடுக்கலாம் என்றாயிற்று. நியூயார்க் நகரத்துப் பத்திரிகை நிருபர் ஜேக்கப் ரீஸ் இதைக் கொண்டு, ஏழைகள் அடைந்து கிடந்த இருண்ட குடியிருப்புகளை இரவில் படம் பிடித்தார். அப்படங்களின் அடிப்படையில் 1890-ல் அவர் வெளியிட்ட நூல் செல்வர்களின் மனச்சாட்சியை உலுக்கியது. வீட்டு வசதிச் சீர்திருத்தங்களுக்கும் அது துணை செய்தது. ஆனால் அந்தப் பொடி பொல்லாதது. இரண்டு முறை தாம் படம் எடுக்கப் போன வீட்டுக்கே தீ வைத்துவிட்டதாக ரீஸ் பின்னாளில் தாமே எழுதினார்.

தீ மட்டும் அன்று, வேறொரு குறையும் இருந்தது. மின்னல் போல் ஒளி வெட்டியதும் அறையில் இருப்பவர் திடுக்கிட்டு விழிப்பர். அறை முழுவதும் வெண்புகை சூழும். அறைக்கு உரிய நிழலும் சாயலும் அந்த ஒளியில் அழிந்துபோகும். படம் கிடைக்கும், படத்துக்கு ஒரு கணம் முன்பு அந்த அறை எப்படி இருந்ததோ அது கிடைக்காது.

இந்த வெளிச்சம் அத்துமீறலுக்கும் துணை போயிற்று. 1898-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் நாள் இரவு ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் பிஸ்மார்க் காலமானார். அன்றிரவே படக்காரர்கள் இருவர் அவருடைய மாளிகைக்குள் களவாகப் புகுந்து, மரணப் படுக்கையில் கிடந்த உடலை மக்னீஷிய ஒளியில் படம் எடுத்துக்கொண்டு ஓடினர். குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். படத் தகடுகள் பறிமுதல் செய்யப்பட்டன, குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். ஒரு மனிதரின் உருவப்படத்தின் மீது அவருக்கே உரிமை உண்டு என்று கூறும் சட்டம் 1907-ல் ஜெர்மனியில் பிறப்பதற்கு இந்த நிகழ்ச்சி ஒரு பெரிய தூண்டுகோலாக அமைந்தது. இருட்டறைக்குள் காமிரா நுழைந்தவுடனேயே நீதியும் பின்தொடர்ந்து வந்து கதவைத் தட்டிற்று என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஒளியை உண்டாக்குவதற்குப் பதிலாக, இருக்கும் ஒளியையே போதுமாக்கிக்கொள்ள முடியாதா? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் லூட்விக் பெர்ட்டெலே என்ற ஜெர்மானிய இளைஞர். டிரெஸ்டன் நகரத்து எர்னெமான் காமிராத் தொழிற்சாலையில் பணியாற்றிய அவர் வகுத்த எர்னோஸ்டார் என்னும் லென்ஸ், எர்மனாக்ஸ் என்ற சிறு காமிராவில் பொருத்தப்பெற்று 1924-ல் விற்பனைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 23.

அந்த லென்ஸின் சிறப்பை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். லென்ஸுக்கும் பிம்பத்துக்கும் உள்ள குவியத் தூரத்தை லென்ஸின் வாய் அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணைக் கொண்டே அதன் ஒளி வாங்கும் ஆற்றலைக் குறிப்பார்கள். எண் சிறியதானால் ஆற்றல் பெரிது. அக்காலத்துச் சாதாரண மடக்குக் காமிராக்களில் இந்த எண் 6.3 அளவில் இருந்தது. எர்மனாக்ஸில் அது 2. சில காலத்துக்குப் பின் 1.8 ஆயிற்று. சாளரம் இரு மடங்கு அகலமும் இரு மடங்கு உயரமும் ஆனால் நான்கு மடங்கு வெளிச்சம் வரும் அல்லவா? அதே கணக்கின்படி, 6.3 என்பது 2 ஆனபோது உள்ளே வரும் ஒளி பத்து மடங்காயிற்று. அரை விநாடி வேண்டிய படத்துக்கு இப்போது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு போதும். கண்ணால் காணக்கூடிய எதையும் இதனால் படம் எடுக்கலாம் என்ற வகையில் விளம்பரம் செய்தார்கள்.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. லென்ஸின் வாய் அகன்றால் படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும். பத்தடித் தூரத்தில் இருக்கும் ஒருவரை இந்த லென்ஸைக் கொண்டு முழு வாயும் திறந்து எடுத்தால், ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குள் இருப்பதே கூர்மையாக விழும். தூரத்தைக் கணிப்பதில் சற்றுத் தவறினாலும் முகம் மங்கி, முதுகுக்குப் பின்னுள்ள திரைச்சீலைதான் தெளிவாக இருக்கும். மேலும், எர்மனாக்ஸில் பிலிம் சுருள் கிடையாது. நாலரை சென்டிமீட்டர் அகலமும் ஆறு சென்டிமீட்டர் நீளமும் உள்ள கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒரு தகடு, ஒரு படம். தவறவிட்ட கணத்தைத் திரும்பப் பெற முடியாது.

இந்தக் கருவியை 1927-ஆம் ஆண்டு வாக்கில் கையில் எடுத்தார் டாக்டர் எரிக் ஸாலமன். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. 1886-ல் பெர்லினில் ஒரு செல்வ யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். முதல் மகாயுத்தத்தின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுக்காரரிடம் கைதியாகி, நான்கு ஆண்டுகள் சிறைமுகாமில் கழித்தார். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்து பிரெஞ்சு மொழியில் தேர்ச்சி பெற்றார். யுத்தத்துக்குப் பின் ஏற்பட்ட பணவீக்கத்தில் குடும்பச் சொத்து கரைந்துபோயிற்று. மோட்டார் வண்டிகளை வாடகைக்கு விட்டுப் பார்த்தார். பிறகு உல்ஸ்டைன் என்ற பெரிய பத்திரிகை நிறுவனத்தின் விளம்பரப் பகுதியில் வேலைக்கு அமர்ந்தார். தோல்விகளின் மத்தியில், வாழ்க்கையின் நடுவயதில், ஒரு புதுத் தொழிலை அவர் கற்கத் தொடங்கினார்.

1928-ல் நடந்த கொலை வழக்குகள் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. நீதிமன்றத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை. ஸாலமன் தம் தொப்பியில் ஒரு துளை செய்து, அதற்குள் காமிராவை மறைத்து வைத்துப் படம் எடுத்தார். பின்னர் கைப்பெட்டி ஒன்றில் காமிராவைப் பொருத்திக்கொண்டார். உல்ஸ்டைன் நிறுவனத்தின் படப் பத்திரிகையில் அப்படங்கள் வெளிவந்தன. 15 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்ற பத்திரிகை அது. கூண்டில் நிற்பவனின் முகத்தையும், சாட்சி சொல்பவரின் தயக்கத்தையும் நாடு முழுவதும் கண்டது. சில ஆண்டுகளுக்குப் பின், 1932-ல், அமெரிக்காவின் உயர் நீதி மன்றமான சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்றார். கை முறிந்தவர் போலக் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டுக்குள் காமிராவை ஒளித்து வைத்து நீதிபதிகளைப் படம் எடுத்தார்.

ஆயினும் அவருடைய உண்மையான புகழ் ஒளித்து எடுத்த படங்களால் வந்தது அன்று. சர்வதேச மாநாடுகளில் அவர் எடுத்த படங்களே அவரை வரலாற்றில் நிலைக்கச் செய்தன. ஐரோப்பாவின் தலைவர்கள் அன்று ஊர் ஊராகக் கூடி, யுத்த நஷ்ட ஈட்டைப் பற்றியும் ஆயுதக் குறைப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மக்களுக்குக் கிடைத்தவை வாசற்படியில் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள் மட்டுமே. உள்ளே என்ன நடந்தது, யார் யாரிடம் குனிந்து பேசினார், யார் முகம் சுளித்தார் என்பதை எவரும் கண்டதில்லை.

ஸாலமன் உள்ளே சென்றார். விருந்துகளுக்கு ஏற்ற கறுப்பு உடுப்பு, பல மொழிப் புலமை, சட்டம் படித்தவரின் நிதானம், எவரிடமும் பணிவு. இவையே அவருடைய அனுமதிச் சீட்டுகள். 1928-ஆம் ஆண்டு ஆகஸ்டில் யுத்தத்தைக் கைவிடும் உடன்படிக்கை பாரிஸில் கையெழுத்தானபோது, வராதிருந்த பிரதிநிதி ஒருவரின் நாற்காலியில் அவர் அமர்ந்துகொண்டார் என்று சொல்வார்கள். அறைக்குள் போன பின்னும் அவர் அவசரப்பட்டதில்லை. பல சமயங்களில் காமிராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, மின்னொளியைப் பயன்படுத்தாமல் காத்திருப்பார். பேசுகிறவர் ஒரு சொல்லுக்குத் தயங்கி அசைவற்றிருக்கும் கணம் எப்படியும் வரும். அந்தக் கணத்தில் ஷட்டரை விடுவிப்பார். நதார் பொம்மையை நிறுத்தி வைத்துத் தீர்த்த பிரச்சினையை, ஸாலமன் மனிதர்களை அறிந்து தீர்த்தார்.

1930-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹேக் நகரத்தில் நடந்த நஷ்ட ஈட்டு மாநாட்டின் ஓர் இரவுக் காட்சி உலகப் புகழ் பெற்றது. பேச்சு நீண்டுகொண்டே போகிறது. நள்ளிரவாகிவிட்டது. விளக்கொளியில் பிரெஞ்சு, ஜெர்மானிய மந்திரிகள் சாய்ந்திருக்கிறார்கள். ஒருவர் கண் மூடிவிட்டது. இன்னொருவர் நாற்காலியில் சரிந்துவிட்டார். நாடுகளின் தலைவிதியை எழுதுகிறவர்களும் தூக்கத்துக்கு அடிமைகளே என்பதை மக்கள் முதன்முறையாகக் கண்கூடாகப் பார்த்தார்கள். சிலருக்கு அது சிரிப்பை வரவழைத்திருக்கலாம். ஆனால் நிதானித்துப் பார்ப்பவருக்கு அந்தப் படத்தில் இரக்கமும் உண்டு. பகைத்துப் போரிட்ட இரண்டு நாடுகளின் மந்திரிகள் ஒரே விளக்கடியில் களைத்துக் கிடக்கிறார்கள். பத்தே ஆண்டுகளுக்குள் அந்நாடுகள் மீண்டும் போரில் இறங்கின என்பதை அறிந்த நமக்கு, அந்தக் களைப்பு இன்னும் துயரமாகத் தோன்றுகிறது.

பிரெஞ்சு மந்திரி அரிஸ்தீத் பிரியான் இவரைக் கண்டு சினம் கொள்ளவில்லை, வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். 1931-ல் பாரிஸில் எடுத்த ஒரு படத்தில், பிரியான் காமிராவை நோக்கி விரலை நீட்டி, அகப்பட்டுக்கொண்டாயா என்பது போல நிற்கிறார். சுற்றியிருப்போர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஸாலமன் வராத மாநாட்டை மக்கள் முக்கியமானதாகவே மதிக்கமாட்டார்கள் என்று பிரியான் சொன்னதாகவும் கூறுவதுண்டு. அதே 1931-ல், காவலற்ற கணங்களில் எடுத்த புகழ் பெற்றோர் படங்களை ஸாலமன் ஒரு நூலாக வெளியிட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழாமற் போகாது. பிஸ்மார்க்கின் படுக்கையறைக்குள் புகுந்தவர்கள் குற்றவாளிகள் என்றால், தொப்பிக்குள் காமிராவை ஒளித்து வைத்தவர் மட்டும் எப்படி நல்லவர் ஆவார்? நீதிமன்றப் படங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு முழு விடை கூறுவது கடினம். உயிருக்காக வழக்காடும் ஒருவனுடைய முகம், அவன் இசைவின்றி ஊராரின் காலைப் பத்திரிகைக்கு உணவாவது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே பலர் சொல்வார்கள். பல நாடுகளில் நீதிமன்றங்களுக்குள் காமிராவுக்குத் தடையோ கட்டுப்பாடோ இருப்பதும் இதனாலேயே. ஆனால் மாநாட்டு அறை வேறு. அங்கே கூடியவர்கள் மக்களின் பெயரால் பேச வந்தவர்கள். அவர்கள் செய்வதை மக்கள் காண விரும்புவது வம்பு அன்று, உரிமை. துக்கத்தில் இருப்பவரையும் துன்பத்தில் இருப்பவரையும் திருட்டுத்தனமாகப் பார்ப்பதற்கும், அதிகாரத்தில் இருப்பவரை விழிப்போடு பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமையை நாம் மறக்கலாகாது.

இதற்கிடையில் கருவிகளும் முன்னேறின. வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஒஸ்கார் பார்னக், சினிமாப் பிலிமையே பயன்படுத்தும் கையடக்கமான காமிரா ஒன்றைச் செய்திருந்தார். அதுவே 1925-ல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா. ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். தொடக்கத்தில் அதன் லென்ஸ் 3.5 அளவினதாகவே இருந்தது. இருட்டுக்கு அது போதவில்லை. 1932-ல் தூரங்காட்டி இணைந்த லைக்கா வந்தது. அதே ஆண்டில் வெளியான கான்டாக்ஸ் காமிராவுக்கு, முன்னே சொன்ன பெர்ட்டெலேயே 1.5 அளவுள்ள லென்ஸை வகுத்துத் தந்தார். ஸாலமனும் கண்ணாடித் தகட்டை விட்டு லைக்காவுக்கு மாறினார். ஒளியைக் கூர்மையாக உணரும் பிலிம்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. 1954-ல் 35 மில்லிமீட்டர் சுருளாக வெளிவந்த கோடாக் நிறுவனத்தின் ட்ரை-எக்ஸ் அவற்றுள் பெயர் பெற்றது. இன்றும் பழைய காமிராவில் ஆர்வமுள்ளவர்கள், 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிமைப் போட்டு, லென்ஸை 2-ல் திறந்து, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு வைத்து, முழங்கையைச் சுவரில் ஊன்றி, மூச்சை மெல்ல விட்டு விளக்கொளியில் படம் எடுக்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன பாட்டியும் பேரனும் அந்தப் படத்தில் இருளில் மறைந்துபோக மாட்டார்கள்.

இந்த வழியின் அருமையை நம் நாடு ஒரு துயர நாளில் கண்டது. 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மாலை டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகள் சுடப்பட்டார். அவர் உடலைக் கிடத்தியிருந்த அறையில் அமெரிக்கப் புகைப்பட நிபுணர் மார்கரெட் பர்க்-ஒயிட் மின்வெட்டொளியைப் பயன்படுத்திப் படம் எடுத்தார். துக்கத்தில் மூழ்கியிருந்தவர்கள் அந்த வெளிச்சத்தால் கொதித்தெழுந்து, காமிராவிலிருந்து பிலிமை அகற்றச் செய்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அவர் திறமையில் குறைந்தவர் அல்லர். காந்தியடிகள் ராட்டையின் அருகில் அமர்ந்திருக்கும் புகழ் பெற்ற படம் அவர் எடுத்ததே. ஆனால் அந்த அறையில் அந்த ஒளிக்கு இடமில்லை. அன்று பிற்பகல் காந்தியடிகளைச் சந்தித்து மீண்டிருந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்ட்டியே ப்ரெஸ்ஸான், கையில் லைக்காவுடன், இருந்த ஒளியையே கொண்டு படம் எடுத்தார். மாளிகையின் வாயிலில் நேரு அந்தச் செய்தியை மக்களுக்கு அறிவிக்கும் இரவுக் காட்சியும் அவற்றுள் ஒன்று. ஒரு விளக்கின் ஒளி கண்ணைக் கூசுகிறது. உருவங்கள் சற்றே கலங்கியிருக்கின்றன. தேர்வாளர் ஒருவர் அதைத் தெளிவில்லாத படம் என்று ஒதுக்கக்கூடும். ஆனால் அன்றிரவு அங்கே நின்றவர்களின் கண்களுக்கும் உலகம் அப்படித்தானே கலங்கித் தெரிந்திருக்கும்?

இந்த வழியைத் தொடங்கி வைத்த ஸாலமன் அப்போது உயிரோடு இல்லை. 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தவுடன், அவர் தம் மனைவி பிறந்த நாடான நெதர்லாந்துக்குப் போய், ஹேக் நகரில் குடியேறினார். மந்திரிகள் கண்ணயர்ந்த படத்தை அவர் எடுத்தது அதே ஊரில்தான். 1940-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மானியப் படை அந்நாட்டையும் பிடித்துக்கொண்டது. யூதர்களுக்கு ஒவ்வொரு கதவாக மூடப்பட்டது. 1943-ல் ஸாலமன் குடும்பத்தார் ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. அரசர்களும் அமைச்சர்களும் வீற்றிருந்த எத்தனையோ அறைகளுக்குள் புன்னகையோடு நுழைந்தவர், வெளிச்சம் வெளியே தெரியாத ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார். அவரை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். முகாமிலிருந்து முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1944-ஆம் ஆண்டு ஜூலையில் ஆஷ்விட்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். மனைவியும் இளைய மகனும் அக்கொடுமைக்கே இரையானார்கள்.

மூத்த மகன் மட்டும் முன்பே இங்கிலாந்து சென்றிருந்ததால் உயிர் தப்பினார். யுத்தம் முடிந்ததும் அவர் தந்தையின் நெகடிவ்களைத் தேடிப் புறப்பட்டார். ஒரு பகுதி, தெரிந்தவர் ஒருவரின் கோழிக்கூட்டுப் பக்கம் மண்ணில் புதைக்கப்பட்டிருந்தது. ஈரத்தால் அதில் சில கெட்டுப்போயின. மற்றொரு பகுதி நெதர்லாந்துப் பாராளுமன்றத்தின் நூலகத்தில் பாதுகாப்பாக இருந்தது. மீட்கப்பட்ட அந்தச் செல்வம் பின்னர் பெர்லின் நகரக் கலைக்கூடம் ஒன்றில் சேர்க்கப்பட்டது. ஜெர்மானியப் புகைப்படக் கழகம் பத்திரிகைப் புகைப்படத் துறையில் சிறந்தோருக்கு 1971 முதல் அவர் பெயரால் பரிசு வழங்கி வருகிறது. அவரை விரட்டிய நாடே அவர் பெயரைப் பரிசாக்கிற்று.

மாணவ நண்பர்களே, இன்று உங்கள் சட்டைப் பைக்குள் இருக்கும் கைப்பேசி, பெர்ட்டெலே கனவிலும் காணாத இருளில் படம் எடுக்கிறது. தூரத்தைக் கணிக்க வேண்டியதில்லை. மூச்சை அடக்க வேண்டியதில்லை. தகடு வீணாகுமே என்ற கவலையும் இல்லை. இந்த வசதி வந்ததால் அந்தப் பழைய கேள்வி மறைந்துவிடவில்லை. பிஸ்மார்க்கின் மரணப் படுக்கையின் அருகில் எழுந்த அதே கேள்வி, நாம் ஒவ்வொரு முறை காமிராவை உயர்த்தும்போதும் நம் முன் நிற்கிறது: இந்த அறைக்குள் பார்க்க எனக்கு என்ன உரிமை? பார்த்ததை யாருக்காகக் காட்டப்போகிறேன்? ஸாலமன் ஒரு தகட்டைச் செலவிடுமுன் நெடுநேரம் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் அவருக்கு எதிரே இருப்பவரைப் புரிந்துகொள்ள நேரம் கிடைத்தது. நம்மிடம் தகடு தீர்வதில்லை. ஆகவே அந்த நேரத்தை நாமேதான் நமக்கு அளித்துக்கொள்ள வேண்டும்.

மண்ணுக்கடியில் இருளில் கிடந்த நெகடிவ்கள் வெளிச்சத்துக்கு வந்ததால்தான், 1930-ஆம் ஆண்டின் ஒரு குளிர்கால நள்ளிரவில் ஹேக் நகரில் எரிந்த விளக்கின் ஒளி இன்று நம் கண்ணுக்கும் எட்டுகிறது. அந்த ஒளியில் களைத்துத் தூங்கும் மந்திரிகளை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு எதிரே, முக்காலியின் பின்னால், அரவமின்றி நின்ற ஒரு மனிதரையும் நினைத்துக்கொள்வோம்.